புலிக்குட்டிக்கு மட்டும் விதிவிலக்கு

“விதிவிலக்கு அளிக்க இயலாது. அடுத்த வெளியீட்டில் சந்திப்போம். – வெளியீட்டுக் குழு.”

நாட்காட்டிக்காரர் இந்தப் பதிலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தார். எப்படிப் படித்தாலும் முடியாது என்றுதான் சொன்னது.

பக்கத்து அறையில் விசைப்பலகை தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி. போன வருடம் அந்த வெளியீட்டுக் குழுவுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள்.

‘சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதுவதைப் போல அடுத்த வெளியீட்டில் சந்திப்போம் என்கிறாள். அடுத்த வெளியீட்டுக்கு ஒரு வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் சாப்பாட்டு மேசையில் சந்திக்க வேண்டாமா?’ என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். லினக்ஸ் என்ற பெயரில், பல ஊர்களில் பல பேர் சம்பளமில்லாமல் எழுதும் மென்பொருள்களை ஒன்றுசேர்த்து, அவை ஒன்றோடொன்று சண்டை போடாதபடி பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வெளியிடுகிற கூட்டங்கள் உண்டு. அப்படி ஒரு கூட்டத்தில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். ஒவ்வொரு பேக்கேஜையும் பராமரிக்க ஓர் ஆள்.

வெளியீட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னதாகக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் ஃப்ரீஸ். அதற்குமேல் புதிய பதிப்பு எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது. பேக்கேஜில் மோசமான பிழை ஏதாவது அகப்பட்டு, அதைத் திருத்தியிருந்தால் மட்டும் வெளியீட்டுக் குழுவிடம் மனுப்போட்டு விதிவிலக்கு வாங்கலாம். பிழையைத் திருத்தவில்லை என்றால் பேக்கேஜையே வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நம் ஆள் பகலில் ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர். மாலையில் ஒரு நாட்காட்டி மென்பொருளைப் பராமரிக்கிறவர். அதனால் கூட்டத்தில் அவருக்கு நாட்காட்டிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிய பதிப்பை முடித்துவிட்டு, அதன் சின்னம் இன்னும் கொஞ்சம் வட்டமாக இருக்கலாமோ என்று ஒரு மாலை முழுவதும் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மாலைதான் கதவு சாத்தப்பட்டது.

அந்தப் பதிப்பில் ஒரு புது வசதி இருந்தது. கணவன் மனைவி இருவருடைய வேலைகளையும் ஒரே திரையில் இரண்டு வண்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ‘உங்க நாள் எப்படிப் போகுது, என் நாள் எப்படிப் போகுதுன்னு ஒரே இடத்துல பாத்தா நல்லா இருக்குமே’ என்று எப்போதோ மனைவி சொன்னது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அவளிடம் வாயைத் திறக்காமல், வெளியீட்டு நாளன்று அசத்திவிடலாம் என்று வருடம் முழுக்க உட்கார்ந்து செய்திருந்தார். யாருக்காகச் செய்தாரோ அவளே முகத்தில் கதவைச் சாத்திவிட்டாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். குழுவுக்கு வந்த மனுக்களை எல்லோரும் பார்க்கலாம் என்பதால், தன்னுடையதற்குக் கீழே இருந்ததையும் பார்த்துவிட்டார். யாரும் சீந்தாமல் கிடந்த படம் சுருக்கி என்ற பேக்கேஜைச் சமீபத்தில் எடுத்துக்கொண்ட புலிக்குட்டி என்ற ஆளின் மனு அது.

“நல்ல வேலை, புலிக்குட்டி! விதிவிலக்கு அளிக்கப்பட்டது. – வெளியீட்டுக் குழு.” அதன் பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்று.

அதே நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நாட்காட்டிக்காரரின் காதில் புகை வந்தது. அவருக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில், கைபேசியில் ‘வரும்போது பல்பு வாங்கி வரவும்’ என்று செய்தி அனுப்புகிறவள், ஒரு தடவையாவது பல்புக்குப் பக்கத்தில் பொம்மை போட்டிருக்கிறாளா?

எழுந்துபோய் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போன வெளியீட்டின்போது, திரையின் பின்னணி நீலமா பச்சையா என்று இருவரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்து, அடுப்பில் இருந்தது கருகி, புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு வந்துவிட்டார். அன்று போட்ட ஒப்பந்தம்: வீட்டுக்குள் லினக்ஸ் பேச்சு கூடாது. மீறுகிறவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நாட்காட்டிக்காரர்தான். அதைக் கறாராக நிறைவேற்றியவரும் அவர்தான். ஒருநாள் மனைவி, “என்னங்க, குழு விஷயமா ஒண்ணு உங்ககிட்ட...” என்று ஆரம்பித்ததுமே “பாத்திரம்!” என்று கையைத் தட்டி ஆர்ப்பரித்தார். அவள் வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினாள். அந்த வாரம் முழுவதும் அவர் கையில் ஈரம் படவில்லை.

இப்போது அவர் வாய்க்கும் அதே பூட்டு.

ஒப்பந்தம் வீட்டுக்குள் மட்டும்தான். அதனால் கீழே தெருமுனையில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மைத்துனனிடம் போனார். மனைவியின் தம்பி. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாமா, மூஞ்சி தொங்கிப்போயிருக்கு?”

“உங்க அக்கா என் மனுவைத் தள்ளிட்டா.”

“எந்த மனு? எங்கயாவது ஊர் சுத்திட்டு வரலாம்னு கேட்டீங்களா?”

“நாட்காட்டி மனு! என்னைத் தள்ளிட்டு, புலிக்குட்டின்னு எவனோ ஒருத்தனுக்குக் குடுத்திருக்கா.”

“சின்னப் பையனோ என்னமோ.”

“எந்தச் சின்னப் பையன் படம் சுருக்கியெல்லாம் பாத்துக்குவான்? நல்லா வளர்ந்த தடியனா இருப்பான். பேரைப் பாரு, புலிக்குட்டியாம். ஒரு மனுஷன் வெச்சுக்கிற பேரா?”

“உங்களைக்கூட நாட்காட்டிக்காரர்னுதானே...”

“அது தொழில்ல வந்த பேர்!”

மைத்துனன் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “சரி, அந்தாளோட சாமானை உள்ள விடக்கூடாதுன்னா என்ன செய்யணும்?”

“மோசமான பிழை இருந்தா வெளிய தூக்கிப் போட்டுருவாங்க.”

“அப்ப கண்டுபிடிங்க. குறை கண்டுபிடிக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது மாமா?”

அவன் கேலியாகத்தான் சொன்னான். நாட்காட்டிக்காரர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். பொறாமையில் இருந்த மனிதருக்கு விதியின் பாதிதான் ஞாபகம் வந்தது.

சொந்தப் பெயரில் புகார் எழுதினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். அது உண்மை என்பதால் இன்னும் மோசம். எனவே வழிப்போக்கன் என்று ஒரு புதுப் பெயரை வைத்துக்கொண்டு, படம் சுருக்கியைத் தன் கணினியில் இறக்கி, கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். நிமிர்ந்து நிற்கிற ஆளின் படத்தைச் சுருக்கச் சொன்னால் அது ஆளைப் படுக்கவைத்துத் தந்தது. எந்தெந்தப் படத்தில், எந்தக் காரணத்தால், எந்த வரியில் தப்பு என்று விலாவாரியாக எழுதி, ‘மிக மோசமான பிழை’ என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினார்.

“தொலைஞ்சான்” என்று சொல்லிக்கொண்டு கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

பக்கத்து அறையில் விசைப்பலகை சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. ‘தூக்கிப்போடுகிற உத்தரவைத் தட்டுகிறாள்’ என்று மகிழ்ந்தார்.

மறுநாள் வந்த பதிலோ இப்படி இருந்தது: “வழிப்போக்கன் அவர்களே, உங்கள் கண்ணுக்கு ஒரு கும்பிடு. நான் தேடித் தேடி அலுத்துப்போனதை ஒரே நாளில் பிடித்துவிட்டீர்கள். திருத்திவிட்டேன். – புலிக்குட்டி.” அதற்குக் கீழே குழுவின் பதில்: “மோசமான பிழை திருத்தப்பட்டிருப்பதால் விதிவிலக்கு அளிக்கப்பட்டது.” பக்கத்தில் அதே பொம்மை, இந்தத் தடவை பல் தெரிய.

அப்போதுதான் விதியின் மீதிப் பாதி அவருக்கு ஞாபகம் வந்தது. பிழைதான் நுழைவுச்சீட்டு. புலிக்குட்டிக்கு நுழைவுச்சீட்டைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

புத்தியுள்ளவர் அங்கேயே நிறுத்தியிருப்பார். இவர், திருத்தவே முடியாத பிழையாகப் பிடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் படம் சுருக்கி அசல் படத்தையே அழித்துவிடுவதைக் கண்டுபிடித்தார். புலிக்குட்டி திருத்தியாயிற்று. விதிவிலக்கு, பொம்மை. மிகப் பெரிய படத்தைச் சுருக்கச் சொன்னால் அது இன்னும் பெருக்கித் தருவதைக் கண்டுபிடித்தார். திருத்தியாயிற்று. விதிவிலக்கு, பொம்மை. கொஞ்ச நாளிலேயே, உருப்படாமல் கிடந்த படம் சுருக்கி கூட்டத்திலேயே ஒழுங்கான பேக்கேஜாக ஆகிவிட்டது.

இதற்கிடையில் மனைவியின் போக்கு வேறு அவர் சந்தேகத்தைக் கிளப்பியது. அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். அறைக்குப் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பல் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அங்கிருந்து வரும்போதெல்லாம் பல்வலி வந்தவளைப் போலத்தான் வருவாள். இப்போதோ படியேறி வரும்போதே முகத்தில் ஒரு களை.

“ஒரே பாட்டும் கூத்துமா இருக்கே?” என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

“சொல்லுவேன். நீங்க பாத்திரம்னு குதிப்பீங்க.”

“பேரு, இடம் எதுவும் வேண்டாம். பொதுவா சொல்லு.”

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “பொதுவா சொன்னா... ஒரு மனுஷர் நாம செய்யற வேலையை உக்காந்து வரி வரியாப் பாக்கறாரு. எங்க தப்பு, ஏன் தப்புன்னு பொறுமையா எழுதறாரு. குத்திக்காட்டறதில்ல, அலட்டிக்கறதில்ல. அப்படி ஒருத்தர் அமையறது லேசில்லீங்க.”

நாட்காட்டிக்காரருக்குப் புரை ஏறியது. ‘குழு எழுதுகிற பதில்களை அந்தப் புலிக்குட்டி வரி வரியாகப் படிக்கிறானாம், அதற்குக் கருத்து வேறு சொல்கிறானாம்!’

“தண்ணி குடிங்க. அப்படிப்பட்ட ஆள் நம்ம வீட்லயே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணுது.”

“ஏன், நான் பாக்கறதில்லையா உன்னை?”

“நீங்களா? நான் இந்தப் புதுக் கண்ணாடி போட்டு எவ்வளவு நாள் ஆச்சு, சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்கின்மேல் சிவப்புச் சட்டத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. அதை அவர் பார்த்ததாகவே ஞாபகமில்லை.

“இன்னிக்குத்தானே?” என்றார்.

“போன மாசம்” என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சற்று நேரத்தில் விசைப்பலகைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் ஆறிப்போன சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

மறுநாள் கடையில் போய் முழுக்கதையையும் கொட்டினார். மைத்துனன் கேட்டுவிட்டு, “பிழை இருந்தாத்தான் விதிவிலக்குன்னா, உங்க நாட்காட்டிலயே ஒரு பிழையைக் காட்டி வாங்கிக்க வேண்டியதுதானே மாமா?” என்றான்.

நாட்காட்டிக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேசையிலிருந்து ஒரு திருகாணி உருண்டு போனதில் அவன் கடுப்பானது அவருக்குத் தெரியவில்லை.

பழைய பதிப்பில் ஒரு பிழை இருப்பது அவருக்குத் தெரியும். ஒரே நேரத்துக்கு இரண்டு நினைவூட்டல்கள் வைத்தால் இரண்டாவது காணாமல் போய்விடும். வழிப்போக்கன் பெயரில் அதைப் புகாராக எழுதினார். எழுதும்போது தன் பேக்கேஜைத் தானே திட்ட மனம் வராமல், ‘மற்றபடி இது மிக நேர்த்தியான மென்பொருள்’ என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு சொந்தப் பெயரில் மனுப்போட்டார்: புதிய பதிப்பில் இந்தப் பிழை இல்லை, எனவே உள்ளே விடவும்.

பதில் வந்தது. “பிழையை மட்டும் பழைய பதிப்பிலேயே திருத்தி அனுப்புங்கள். இரண்டு வண்ண வசதியை இப்போது ஏற்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் வராவிட்டால் நாட்காட்டி வெளியீட்டிலிருந்து நீக்கப்படும். – வெளியீட்டுக் குழு.” பொம்மை எதுவும் இல்லை.

அதாவது, முன்பு புதிய நாட்காட்டிக்கு மட்டும்தான் இடமில்லை. இப்போது பழையதற்கும் இல்லை.

இரண்டு வண்ணத்தைக் கழற்றிவிட்டுப் பிழையை மட்டும் திருத்தினால் கதை முடிந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் ‘இரண்டு வண்ணம் வேண்டாமாம்! என் நாளும் அவள் நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாமாம்!’ என்று அவர் மனம் வேறு எங்கோ போய்விட்டது. உட்கார்ந்தார். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் போகிற மாதிரி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். விதி என்றால் விதி. விதிவிலக்கு என்பதே சலுகை. சலுகை என்பதே வேண்டியவர்களுக்குச் செய்வது. ஆகவே இந்த வெளியீட்டிலிருந்தே விதிவிலக்குகள் அத்தனையையும் ஒழிக்க வேண்டும், இதற்கு உடனே வாக்கெடுப்பு வேண்டும்.

வாழ்நாளில் அவர் எழுதிய எதற்கும் அவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை. மனு தள்ளப்பட்டவர்கள் எல்லோரும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். ‘என் மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டீர்கள்’ என்று எழுதினார்கள். வாக்கெடுப்புக்கு வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது.

பெருமை தாங்காமல் மைத்துனனிடம் படித்துக் காட்டினார்.

“பிரமாதம் மாமா” என்றான் அவன். “ஆமா, விதிவிலக்கே இல்லைன்னு ஆயிட்டா உங்க நாட்காட்டிப் பிழையைத் திருத்தி எப்படி உள்ள அனுப்புவீங்க?”

நாட்காட்டிக்காரர் கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

“அனுப்பவும் முடியாது, பிழையோட இருக்கவும் முடியாது. அப்ப முதல்ல வெளிய போறது நீங்கதானே?”

“இதை நான் கடிதம் போடறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க போட்டுட்டுத்தானே வந்தீங்க!”

சொந்தப் பெயரில் பின்வாங்கினால் மானம் போகும். வேறு வழியில்லாமல் வழிப்போக்கனைக் களத்தில் இறக்கினார். ‘நாட்காட்டிக்காரர் சொல்வது சுத்த அபத்தம்’ என்று வழிப்போக்கன் எழுதினான். உடனே ஒரு பெரும் கூட்டம் வழிப்போக்கன்மேல் பாய்ந்தது. ‘நாட்காட்டிக்காரரைப் போன்ற நேர்மையாளரைக் குறைசொல்ல நீ யார்?’ என்று ஒருவர் கேட்டார். நாட்காட்டிக்காரருக்கு ஒரு கணம் புளகாங்கிதமாக இருந்தது. பிறகு, தன் மூக்கைத் தானே உடைத்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, வழிப்போக்கன் பெயரில் தன்னையே இன்னும் கொஞ்சம் பலமாகத் திட்டினார்.

புதன்கிழமை மாலை புலிக்குட்டி வாயைத் திறந்தது.

“வழிப்போக்கன் சொல்வதுதான் சரி. விதிவிலக்கு வேண்டியவர்களுக்குச் செய்கிற சலுகையல்ல, உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கிற மருந்து. நாட்காட்டிக்காரரை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தங்கமான மனிதர். கோபம் வந்தால் கண் தெரியாது, அவ்வளவுதான். அவருடைய நாட்காட்டியிலுள்ள பிழையை மட்டும் நானே திருத்தி மனுப்போட்டிருக்கிறேன். அது இல்லாமல் இந்த வெளியீடு போகக் கூடாது.”

எழுதிய சூடு ஆறுவதற்குள் குழுவின் பதில் வந்துவிட்டது. “விதிவிலக்கு அளிக்கப்பட்டது.” ஒன்றல்ல, இரண்டு பொம்மைகள். மறுநாள் வாக்கெடுப்பில் நாட்காட்டிக்காரரின் தீர்மானம் குப்புற விழுந்தது.

நாட்காட்டி பிழைத்துவிட்டது. நாட்காட்டிக்காரருக்குத்தான் உயிர் போய்விட்டது போலிருந்தது. அவர் மனுப்போட்டபோது சாத்திய கதவு, புலிக்குட்டி வந்து தட்டியதும் திறக்கிறது. அதுவும் அவருடைய வீட்டுக்கு அவருக்கே சிபாரிசு! எல்லாவற்றுக்கும் மேலாக, கோபம் வந்தால் அவருக்குக் கண் தெரியாது என்ற விஷயம் அந்தப் பயலுக்கு எப்படித் தெரியும்? அது இந்த நாலு சுவருக்குள் மட்டும் தெரிந்த விஷயம். ‘சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டினார்.

எழுந்து சமையலறைக்குப் போனார். தொட்டியில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினார். கழுவிய பாத்திரத்தையும் இன்னொரு முறை கழுவினார். கைகளைத் துடைத்துக்கொண்டு மனைவியின் அறை வாசலில் போய் நின்றார்.

“அபராதத்தை முன்கூட்டியே கட்டிட்டேன். ஒரு வாரம் நான்தான் கழுவப்போறேன். இப்ப கேக்கறேன். யாரு அந்தப் புலிக்குட்டி?”

அவள் சட்டென்று மடிக்கணினியை மூடினாள். முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

“சனிக்கிழமை வெளியீட்டு விழா இருக்கில்ல? அங்க நானே அறிமுகப்படுத்தறேனே.”

“இப்பவே சொன்னா என்ன?”

“உங்க முகம் எப்படிப் போகுதுன்னு எல்லார் முன்னாலயும் பாக்கணும் எனக்கு” என்றாள் அவள்.

இரண்டு நாள் அவர் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. பேருந்து நிறுவனத்தில் அவர் போட்ட அட்டவணைப்படி இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் ஒரே நிறுத்தத்தில் வந்து நின்றன. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை, நூலகத்தின் கூட்ட அறையில் விழா. கேக் வைத்திருந்தார்கள். சுவரில் புதிய வெளியீட்டின் பெயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். மனைவி முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தாள். நாட்காட்டிக்காரர் போனபோது அவள் பளிச்சென்று உடுத்திக்கொண்டு, சிவப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கமாக நின்றிருந்தாள். அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “உள்ள போய் உக்காருங்க, வந்துடறேன்” என்றாள். பார்வை மறுபடியும் தெருவுக்குப் போய்விட்டது. அறிமுகமில்லாத ஆண்பிள்ளை யாராவது படியேறினால் அவள் முகம் மலர்ந்தது. அந்த ஆள் வேறு யாரோ என்று தெரிந்ததும் வாடியது.

கல்யாணமான புதிதில்கூடத் தனக்காக அவள் வாசலை அப்படிப் பார்த்ததில்லை என்று நாட்காட்டிக்காரருக்குப் பட்டது.

கேக் மேசைக்குப் பின்னால் நின்று துண்டு போட்டுக்கொண்டிருந்தவரை அவருக்குத் தெரியும். வெளியீட்டுக் குழுவில் ஒருவர். கொழுகொழுவென்று இருப்பார், பெரிய மீசை. ஒருமுறை கம்பி ஏதோ வாங்கிப்போக வீட்டுக்கு வந்திருக்கிறார். அதிகம் பேசாத ஆள்.

“வாங்க சார்!” என்றார் மீசைக்காரர். “ஓரத்துத் துண்டு வேணுமா, நடுத்துண்டு வேணுமா?”

“எனக்கு ஒரு துண்டும் வேண்டாம். நீங்க குழுவுல இருக்கற ஆளு. மனசாட்சியோட சொல்லுங்க. புருஷன் மனுவைத் தள்ளிட்டு, எவனோ ஒரு புலிக்குட்டிக்கு என் மனைவி அள்ளி அள்ளிக் குடுத்தது உங்களுக்கெல்லாம் நியாயமாப் படுதா? அதுல பொம்மை வேற! ஒண்ணா, ரெண்டா?”

மீசைக்காரரின் கையில் கத்தி நின்றது. “அந்தப் பொம்மையெல்லாம் நான் போட்டது சார்.”

“நீங்களா?”

“பொம்மை இல்லாம எழுதினா நான் கோவமா இருக்கேன்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. உங்க மனுவைத் தள்ளும்போதுகூடப் போடலாமான்னு பாத்தேன், வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.”

“அப்ப என் மனைவி?”

“அவங்க எங்க சார் குழுவுல இருக்காங்க? இந்தத் தடவை உங்க நாட்காட்டி வரும், வீட்டு மனுஷரோட மனுவுக்கு நான் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே விலகிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?”

நாட்காட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வாசலில் அவள் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவளைக் கையால் காட்டினார்.

“சரி, விலகிட்டா. அப்புறம் எதுக்கு அந்தப் புலிக்குட்டிக்காக அப்படி வாசல்ல தவமிருக்கா?”

மீசைக்காரர் கேக்குத் துண்டை அவர் கையில் வைத்தார். “புலிக்குட்டியே அவங்கதானே சார், அவங்க காத்துக்கிட்டு நிக்கறது யாரோ வழிப்போக்கனாம், அந்த மனுஷனைக் கண்ணால பாக்காம இன்னிக்கு வீட்டுக்கே போகமாட்டேன்னு காலைலேர்ந்து ஒத்தக்கால்ல நிக்கறாங்க!”